எண்பத்தெட்டில் நின்ற சத்தம்

அத்தியாயம் 6

சிவப்புப் பொத்தானை அழுத்தினால் கீழே மணி அடித்தது. அதுதான் சிஸ்டருக்கு வந்த வினை.

மைக்செட் நாலாவது தடவையாக அழுத்திப் பார்த்தான். சுவர் விளக்குகள் எரிந்தன. திறந்திருந்த கதவு வழியாக, மாடிப்படிக்குக் கீழே எங்கோ ‘கிணிங் கிணிங்’ என்று கேட்டது.

“ஜம்முனு வேலை செய்யுது சார். கெட்டுப் போயிருந்தா நாம பிழைச்சிருப்போம்.”

“நாம பிழைக்கறது இருக்கட்டும். கீழ ஒரு பொம்பளை உட்கார்ந்திருக்காளே, அவ பிழைக்கணும்,” என்றார் சர்வேயர்.

சர்வேயர் என்றால் நிலம் அளக்கிறவர் அல்ல. இருபத்திரண்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த குடோன்களில் சாம்பலைக் கிளறி, தீ தானாகப் பிடித்ததா, பிடிக்க வைத்தார்களா என்று எழுதிக் கொடுத்தவர். வேலையை விட்டபிறகு மனிதர்களைக் கிளற ஆரம்பித்தார். மைக்செட்டோ ஒலிபெருக்கி வாடகைக் கடை நடத்தியவன். கடையை மூடி ஆறு வருஷம் ஆகியும் பெயர் மட்டும் அவனை விட்டுப் போகவில்லை. தோள்பையில் ஒரு மைக்கும் நாலு முழம் ஒயரும் இல்லாமல் அவனும் வெளியே கிளம்புவதில்லை.

எட்டு நாளைக்கு முன்னால் இந்த அறையில்தான் வீட்டுக்காரர் செத்துக் கிடந்தார். பெரிய கட்டட கான்ட்ராக்டர். ஒன்றரை வருஷத்துக்கு முன் பக்கவாதம் அடித்துப் பேச்சும் போய், கை கால்களும் போய், இடது கைக் கட்டைவிரல் ஒன்று மட்டும் சொன்னபடி கேட்டது. தொண்டையில் சளி கட்டினால் துப்பக்கூட முடியாது. ட்யூப் விட்டு உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். அதை எடுப்பதற்குத்தான் சிஸ்டர். சிஸ்டரைக் கூப்பிடுவதற்குத்தான் சிவப்புப் பொத்தான். ஒருமுறை அழுத்தினால் ஓடுகிற படம் நிற்கும், விளக்கு எரியும், கீழே சிஸ்டர் அறையில் உள்ள ஸ்பீக்கரில் மணி அடிக்கும். படத்துக்கு நடுவில் யாரும் கதவைத் திறக்கக் கூடாது என்பது கான்ட்ராக்டர் நடமாடிய காலத்தில் போட்ட சட்டம். அவர் படுத்த பிறகும் வீட்டில் அதை மாற்ற யாருக்கும் தைரியம் வரவில்லை.

அன்றைக்கு மூன்று மணிக்கு சிஸ்டர் சளி எடுத்துவிட்டு, படத்தைப் போட்டு, ரிமோட்டை அவர் கட்டைவிரலுக்கு அடியில் வைத்துவிட்டுக் கீழே போனாள். ஐந்தேகாலுக்கு மருந்தோடு ஏறி வந்தபோது எல்லாம் அணைந்து கிடந்தது, அவரும் சேர்த்து. சளி அடைத்து மூச்சு நின்று ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. கட்டைவிரல் நுனி கன்றிச் சிவந்திருந்ததாக டாக்டர் எழுதினார். அதாவது மனிதர் அழுத்தியிருக்கிறார். அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார்.

மணி அடிக்கவே இல்லை என்று சிஸ்டர் அழுதாள். இன்ஸ்பெக்டர் வந்து பொத்தானை அழுத்தினார். அடித்தது. அவ்வளவுதான் கேஸ். அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போனவர், இன்று மாலை ஆறு மணிக்கு சிஸ்டரை ஏற்றிப் போக ஜீப்போடு வந்து கீழே உட்கார்ந்திருந்தார். ஜெயிலோடு போகாது, நர்ஸ் சான்றிதழும் அத்தோடு காலி. பழைய பழக்கத்துக்காக சர்வேயரிடம் சாவியைக் கொடுத்து, ஒன்றரை மணி நேரமும் கொடுத்தார். அதில் பத்து நிமிஷம் மணி அடித்தே தீர்ந்துவிட்டது.

அறையைப் பார்த்தால் மைக்செட்டுக்கு வயிற்றெரிச்சல். ஜன்னல் கிடையாது. நாலு சுவரிலும் மெத்தை மாதிரி துணி போர்த்திய பலகை. கதவு ஓரம் முழுக்க ரப்பர். ஆள் உயரத்துக்கு ரெண்டு ஸ்பீக்கர், மூலையில் அலமாரி அளவுக்கு ஒரு பேஸ் பெட்டி, எதிரே சுவரை அடைத்த டிவி. ஆம்ப்ளிஃபயரும் டிஸ்க் ப்ளேயரும் பக்கவாட்டில் கண்ணாடிக் கதவு போட்ட பெட்டிக்குள். இத்தனைக்கும் நடுவே சாய்ந்து படுக்கிற தோல் நாற்காலி ஒன்றே ஒன்று.

“ஆயிரம் பேருக்கு இந்த செட்டைக் கட்டலாம் சார். மனுஷன் ஒத்தை நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கார்.”

“பொண்டாட்டி எங்க உட்காருவாங்க?”

“அதை நாற்காலிகிட்டதான் கேக்கணும்.”

“என்ன, ஜோசியம் பாக்கறீங்களா?” என்று வாசலில் குரல். கான்ட்ராக்டரின் மகன். அப்பாவின் தொழிலையும் அப்பாவின் குரலையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டவன். “அவ தூங்கிட்டா. எங்கப்பா அழுத்தி அழுத்தியே செத்தார். இது குழந்தைக்குத் தெரியும். இதுக்கு ஒரு துப்பறியறவர், அவருக்கு ஒரு ஜால்ரா.”

“ஜால்ரா தனி செக்‌ஷன் சார். நான் மைக்செட்,” என்றான் மைக்செட்.

மகன் சிரிக்கவில்லை. ஃபோனை எடுத்துக் காட்டினான். “இந்த ரிமோட்டே பழைய காலம். படம், சத்தம், லைட், எல்லாம் நான் இதுலயே பண்ணுவேன். எங்க இருந்து வேணா பண்ணலாம். சீக்கிரம் முடிங்க. இந்த ரூமை இடிச்சு ஆபீஸ் போடணும்.”

அவன் தோளுக்குப் பின்னால் தட்டோடு ஓர் அம்மாள் நின்றிருந்தாள். நரைத்த தலை, ஒடிசலான உடம்பு, வலது காதில் பட்டாணி அளவு மிஷின்.

“மா, டீயை வச்சிட்டுப் போ,” என்று மகன் கத்தினான். சர்வேயரிடம் குரலைத் தாழ்த்தினான். “இடது காது சுத்தம். வலது காதுல மிஷின் இருந்தாலும் பக்கத்துல நின்னு கத்தணும். அன்னைக்கும் தூங்கிட்டிருந்தாங்க. அவங்ககிட்ட கேட்டுப் பிரயோஜனம் இல்ல.”

மகன் இறங்கிப் போனான். அம்மாள் டீயை ஸ்டூலில் வைத்தாள். அவளுக்கு எங்கே கேட்கப்போகிறது என்று மைக்செட் சர்வேயரிடம் முணுமுணுத்தான்: “ஆம்ப்ளிஃபயருக்கு ஆயிரம் வாட்டு. அம்மாவுக்கு ஒரு பட்டன் செல்லு.”

அம்மாள் அவன் முகத்தையே பார்த்துச் சிரித்தாள். “சர்க்கரை போட்டிருக்கேன் தம்பி,” என்றுவிட்டுப் போனாள்.

சர்வேயர் கதவைச் சாத்தினார். வெளி உலகம் கத்தரித்தாற்போல நின்றது.

“சொல்லுய்யா. ரிமோட்டுல அழுத்தினா பெட்டிக்குள்ள இருக்கறதுக்கு எப்படித் தெரியுது?”

“கண்ணு சார்.” மைக்செட் டிவிக்குக் கீழே தரையில் குப்புறப் படுத்தான். “ரிமோட்டுல இருந்து வர்ற வெளிச்சம் நம்ம கண்ணுக்குத் தெரியாது. இதோ, டிவிக்கு அடியில கடலைப்பருப்பு சைஸுல கறுப்பா ஒண்ணு ஒட்டிருக்கே, அதுக்குத் தெரியும். அது பார்த்து, ஒயர் வழியா பெட்டிக்குள்ள சேதி சொல்லும். பெட்டிக்குள்ள ஒவ்வொரு மிஷின் மூஞ்சியிலயும் ஒரு குட்டி பல்பு ஒட்டிருக்கு. அது மறுபடி அதே வெளிச்சத்தை அடிக்கும். இந்த ஒரு கண்ணை மூடிட்டா மொத்த செட்டும் குருடு.”

சொல்லிக்கொண்டே அதைத் தடவியவன் கையை இழுத்துக்கொண்டான். விரல் பிசுபிசுத்தது. டார்ச்சை அடித்தான். கண்ணைச் சுற்றி, தபால்தலையில் பாதி அளவுக்கு, சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம். பசையில் எட்டு நாள் தூசி ஒட்டி உண்டாக்கிய சதுரம். ஒரு ஓரத்தில் மயிரிழை அளவுக்கு வெள்ளை நூல்.

“எதையோ ஒட்டிப் பிச்சிருக்காங்க சார்.”

“எதை?”

நாற்காலிக்குப் பக்கத்தில் சிஸ்டரின் தட்டு அப்படியே இருந்தது. பஞ்சு, ட்யூப், கத்தரிக்கோல், காயத்துக்கு ஒட்டுகிற துணிப் பிளாஸ்திரி ஒரு உருளை. மைக்செட் ஒரு துண்டை வெட்டிக் கண்ணின் மேல் ஒட்டினான். சர்வேயர் அழுத்தினார். விளக்கு எரிந்தது. ரெண்டாக மடித்து ஒட்டினான். எரிந்தது. நாலாக மடித்து ஒட்டினான்.

சர்வேயர் அழுத்தினார். மறுபடி அழுத்தினார். ஏழெட்டுத் தடவை அழுத்தினார். அறை செத்த மாதிரி இருந்தது.

மைக்செட் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான். மணி அடிக்கவில்லை என்று சிஸ்டர் சொன்னது மெய்தான். ஆனால் அவன் முகம் தெளியவில்லை.

“கதை கந்தலாயிடுச்சு சார். பிளாஸ்திரி யார் கைச் சாமான்? நம்ம கட்சிக்காரி கைச் சாமான். இன்ஸ்பெக்டர் இதைப் பார்த்தா ‘தூங்கிட்டா’ங்கறதை அடிச்சிட்டு ‘கொன்னுட்டா’ன்னு எழுதிக்குவார்.”

“தூங்க நினைக்கறவ எதுக்கு மணியைக் கட்டிப் போடணும்? அடிச்சா எழுந்திரிக்காம இருந்தாப் போச்சு. கொல்ல நினைச்சாலும் அதே கதைதான். மணி அடிக்கக் கூடாதுன்னு யாருக்குப் பயம்? சிஸ்டர் ஏறி வந்துடுவாளோன்னு நினைச்சவங்களுக்குத்தான் பயம். அப்ப அவங்க எங்க இருந்தாங்க?”

மைக்செட் கதவைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். “இங்க.”

“பிளாஸ்திரி இருந்தது சிஸ்டர் கையில இல்ல. இந்தத் தட்டுல. வீட்ல எல்லாருக்கும் கை இருக்கு. அடுத்ததைப் பாரு.”

கண்ணாடிக் கதவைத் திறந்து ஆம்ப்ளிஃபயரின் முன்பக்க ஸ்விட்சைத் தட்டினான். நீல எழுத்து மெதுவாக எழும்பியது. இந்த ஜாதி மிஷின்கள் கடைசியாக விட்ட சத்தத்தை மறப்பதில்லை. நாளைக்கு எழுப்பினாலும் நேற்று நிறுத்திய இடத்தில்தான் கண் விழிக்கும்.

எண்பத்தெட்டு.

மைக்செட் விசிலடிக்க வாயைக் குவித்து, அடிக்காமல் விட்டுவிட்டான். “சிஸ்டர் வைக்கிறது எத்தனைன்னு சொன்னா?”

“முப்பத்தஞ்சு. டாக்டர் உத்தரவு.”

“காதைப் பொத்திக்குங்க.” ப்ளேயரைத் தட்டி மூன்றே விநாடி விட்டான்.

அது சத்தமாக வரவில்லை, அடியாக வந்தது. நெஞ்செலும்பு உதறியது. ஸ்டூலில் இருந்த டீ டம்ளர் நகர்ந்து விளிம்புக்கு வந்தது. நிறுத்திய பிறகும் காதுக்குள் ‘ஙொய்’ என்றது.

“இருபது வருஷம் ஸ்பீக்கருக்கு அடியில படுத்துத் தூங்கினவன் சார் நான். எனக்கே குடல் எடம் மாறிடுச்சு. அசைய முடியாத மனுஷனை நடுவுல வச்சு இதையா விட்டாங்க?”

சர்வேயர் பாக்கெட்டிலிருந்து மடித்த தாளை எடுத்தார். சிஸ்டரின் வாக்குமூலம். அதில் ஒரு வரியை விரலால் காட்டினார். ‘மூன்றரை மணி சுமாருக்கு என் அறைக் கூரை அதிர்ந்தது. அய்யா இன்றைக்கு நல்ல உற்சாகத்தில் இருக்கிறார் என்று நினைத்தேன்.’

மைக்செட் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

“மகன்தான் சார்,” என்றான் மைக்செட். “ரூமை இடிக்க அவனுக்குக் கை துறுதுறுங்குது. எங்க இருந்து வேணா ஃபோன்ல சத்தம் வைப்பேன்னு அவன் வாயாலேயே சொன்னான். சைட்டுல நின்னுக்கிட்டே ஏத்தியிருக்கான். அந்த மூஞ்சியை ஜீப்புல ஏத்தறதைப் பாக்க நான் டிக்கெட் வாங்கக்கூடத் தயார்.”

“ஃபோன் பிளாஸ்திரி ஒட்டுமா?”

மைக்செட் டிவிக்கு அடியைத் திரும்பிப் பார்த்தான்.

“அவன் அன்னைக்கு ஆறு மணி வரைக்கும் நாப்பது ஆளுங்களுக்கு நடுவுல நின்னிருக்கான். இன்ஸ்பெக்டர் பார்த்தாச்சு. டிஸ்க் உள்ளயே இருக்கா?”

இருந்தது. சத்தத்தை இருபதுக்கு இறக்கிவிட்டு மைக்செட் ப்ளேயரைச் சரியாக ஓடவிட்டான். ப்ளேயருக்கும் ஞாபகசக்தி உண்டு. விட்ட இடத்தில் தொடங்கியது. கறுப்புத் திரையில் நடிகர்கள் பெயர், டெய்லர் பெயர், கார் ஓட்டினவர் பெயர் எல்லாம் மேலே ஏறிக்கொண்டிருந்தன. ஓரத்தில் நேரம்: ரெண்டு மணி ஆறு நிமிஷம்.

“மூணு மணிக்குப் போட்ட படம். அஞ்சு மணி வரைக்கும் ஓடியிருக்கு,” என்றார் சர்வேயர். “அவர் போனது நாலேகாலுக்கு முன்னாடி. அப்ப மிச்சப் படத்தைப் பார்த்தது யாரு?”

“முடிச்சிட்டுதான் எழுந்திருக்காங்க. பெயர் போடற வரைக்கும். எண்பத்தெட்டுல. ஒண்ணரை மணி நேரம்.” மைக்செட் தலையை ஆட்டினான். “மனுஷக் காது தாங்காது சார். காதுல ஈயம் காய்ச்சி ஊத்தினவன்தான்…”

அவன் பேச்சு பாதியில் நின்றது. திரையின் அடியில், ஏறுகிற பெயர்களுக்குக் கீழே, வெள்ளை எழுத்தில் அடைப்புக்குறி போட்டு ஒரு வரி வந்து நின்றிருந்தது.

(சோகமான இசை)

கொஞ்சம் பின்னால் தள்ளினான். படத்தில் பேசுகிறார்கள், பேசுவது இவர்கள் பாஷை. அடியில் எழுத்தும் அதே பாஷை. கதாநாயகி திரும்பிப் பார்க்கிறாள். (கதவு தட்டும் சத்தம்). வெளியே போகிறாள். (மழை).

“எழுத்து போடறது தெரியாத பாஷைப் படத்துக்குத்தானே சார்? இதுல மழையையும் எழுதிக் காட்டறான். கதவு தட்டறதையும் எழுதிக் காட்டறான். மழை பெய்யற சத்தத்தை எதுக்கு எழுதணும், யாருக்கு…”

அறையையே பெயர்க்கிற சத்தம் வைத்துக்கொண்டு, அப்படியும் காதால் கேட்க முடியாமல், கண்ணால் படித்துக்கொண்டு ஒருத்தர் இங்கே உட்கார்ந்திருக்கிறார். இந்த வீட்டில் அப்படிப்பட்டவர் ஒருவர்தான்.

மைக்செட்டின் பார்வை டீ டம்ளருக்குப் போயிற்று. இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது. தூக்கிக் குடிக்க மனம் வரவில்லை.

“இது போதுமா சார், இன்ஸ்பெக்டருக்கு?”

“போதாது. சிஸ்டரே எழுத்தை வச்சிருக்கலாம்னு சொல்வார். அந்தம்மா வாயில இருந்து வரணும். அவங்க போலீஸ் முன்னாடி பேச மாட்டாங்க. கேக்கலைன்னு காதைக் காட்டுவாங்க.” சர்வேயர் கதவின் ரப்பரைத் தடவினார். “இங்க பேசினா வெளிய கேக்காதுன்னு அவங்களுக்குத் தெரியும். கீழ சிஸ்டர் ரூம்ல மணி அடிக்குதே, அந்த ஸ்பீக்கருக்கு ஒயர் எங்க இருந்து போகுது?”

மைக்செட்டுக்குப் புரிந்துவிட்டது. தோள்பையைத் திறந்தான். மணி அடிக்கிற ஸ்பீக்கருக்கு ஆம்ப்ளிஃபயரின் பின்னால் தனி வாய் இருந்தது. முன்னால் வெளிச்சாமான் சொருக ஒரு துளை இருந்தது. மைக்கை அந்தத் துளைக்கும், துளையைக் கீழ் ஸ்பீக்கருக்கும் மாட்டி, மேலே உள்ள ஸ்பீக்கர்களின் வாயைக் கட்ட ஐந்து நிமிஷம் ஆயிற்று. மைக்கை நாற்காலிக் கையில் வைத்துத் துண்டைப் போட்டு மூடினான். இத்தனை வருஷத்தில் எத்தனையோ மேடைக்கு மைக் கட்டியிருக்கிறான். பேசப்போகிறவருக்குத் தெரியாமல் கட்டுவது இதுதான் முதல் தடவை. அதுவும் காது கேளாதவருக்கு.

கீழே இறங்கி இன்ஸ்பெக்டரையும் மகனையும் சிஸ்டர் அறையில் உட்கார வைத்தான். சிஸ்டர் கட்டில் ஓரத்தில், எடுத்துப் போக ஒரு துணிப்பையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள்.

“எதுவும் பேசாதீங்க. அந்த ஸ்பீக்கரை மட்டும் கேளுங்க,” என்றான்.

“இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம்தான்யா,” என்றார் இன்ஸ்பெக்டர்.

அம்மாள் கூப்பிட்டவுடன் வந்தாள். சர்வேயர் தோல் நாற்காலியைக் காட்டினார். அவள் தயங்கவில்லை, உட்கார்ந்தாள். அவர் எதிரே ஸ்டூலில், முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்கார்ந்தார். மைக்செட் கதவைச் சாத்தி அதன் மேல் சாய்ந்துகொண்டான்.

சர்வேயர் கத்தவில்லை. உதட்டை மட்டும் நிதானமாக அசைத்துப் பேசினார். “படம் எப்படி இருந்துச்சும்மா?”

அவள் அவரையே பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். அங்கே (சோகமான இசை) அப்படியே நின்றிருந்தது.

“அதை எடுக்க மறந்துட்டேனா,” என்றாள்.

“எழுத்து வைக்கத் தெரியுமா உங்களுக்கு?”

“என் ரூம்ல ஒரு சின்ன டிவி இருக்கு. அதுல அப்படித்தான் பார்ப்பேன். காது போனவங்களுக்குன்னு போட்டிருப்பான். நல்ல வசதி.” மைக்செட் பக்கம் திரும்பினாள். “பட்டன் செல்லு வாரத்துக்கு ஒண்ணு ஆகுது தம்பி. அதான் வீட்ல பாதி நேரம் மிஷினைக் கழட்டி வச்சிடுவேன். உதட்டைப் பார்த்தாலே போதும்.”

மைக்செட்டுக்குக் கதவோடு ஒட்டிக்கொண்டு மறைந்துவிடலாம் போல இருந்தது.

“காது எப்படிம்மா போச்சு?” என்றார் சர்வேயர்.

“கல்யாணமாகி ரெண்டாவது வருஷம். அவர் நியூஸ் கேட்டுட்டிருந்தார். புள்ளை தூங்குதேன்னு ரேடியோ குமிழைக் கொஞ்சம் திருப்பினேன். ஒரே அறை. இடது பக்கம் அன்னைக்கே போச்சு. வலது பக்கம் தவணை முறையில போச்சு.” யாருடைய கதையையோ சொல்வது போலச் சொன்னாள். “அப்புறம் டிவி வந்துச்சு. காலையில வேலைக்குப் போறப்ப ரிமோட்டைப் பையில போட்டு எடுத்துட்டுப் போயிடுவார். முப்பத்தாறு வருஷம். இந்த ரூம் கட்டினப்ப உள்ள வந்து பாக்கறேன்னு கேட்டேன். உனக்கு எதுக்கு, செவிட்டுக்குன்னார். அதனால ஒத்தை நாற்காலி.”

“அன்னைக்கு?”

“தெனம் அந்த ரிமோட்டுதான் மனசை அரிச்சுது. ஒரு விரலை அசைச்சா வீடே ஓடி வருது. நான் முழு உடம்போட இருந்தும் கூப்பிட்டதுக்கு யாரும் வந்ததில்ல. கூப்பிட்டும் வரலைன்னா எப்படி இருக்கும்னு அவருக்கும் ஒருநாள் தெரியட்டுமேன்னு நினைச்சேன். கண்ணை ஒட்டினேன். சத்தத்தைத் திருப்பினேன், போற வரைக்கும். அவர் திருப்ப விடாத குமிழு.” உள்ளங்கையைத் திறந்து பார்த்துக்கொண்டாள். “எனக்குக் கொஞ்சம் கேட்டுச்சு. தரையில இருந்து காலு வழியா. நல்லா இருந்துச்சு.”

“அவர் என்ன பண்ணினார்?”

“என்னைப் பார்த்துட்டே இருந்தார். நான் படத்தைப் பார்த்துட்டே இருந்தேன்.”

மைக்செட் துண்டைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டான்.

“சளி கட்டினது தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது. மூஞ்சி நீலமாச்சு. ட்யூப் பக்கத்துலதான் இருந்துச்சு. அவ எடுக்கறதைத் தெனம் பாக்கறேன். எனக்கும் எடுக்கத் தெரியும்.” கொஞ்சம் யோசித்தாள். சரியான வார்த்தையைத் தேடுகிறவள் மாதிரி. “எழுந்திருக்கலை. அவ்வளவுதான்.”

“எல்லாம் முடிஞ்சு பிளாஸ்திரியைப் பிச்சிட்டு, செட்டை நிறுத்திட்டுப் போயிட்டீங்க. சிஸ்டர் மாட்டிக்கிட்டா.”

“நல்ல பொண்ணு அவ. எனக்கும் தலை வாரி விடுவா.”

“அந்த நல்ல பொண்ணு ஆறு மணிக்கு ஜெயிலுக்குப் போகப் போறா. நீங்க டீ போட்டுட்டிருந்தீங்க.”

அம்மாளின் முகத்தில் முதல் தடவையாக ஒரு கடுமை வந்தது. குரலில் ஏறவில்லை, கண்ணில் மட்டும் ஏறியது.

“நான் பொய் சொன்னேனா? இன்ஸ்பெக்டர் வந்தார், டாக்டர் வந்தார், எம்புள்ளை இருக்கான். ஒருத்தராவது என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா? அம்மாவுக்குக் காது கேக்காது, அம்மா தூங்கிட்டிருந்தாங்கன்னு அவங்களே எழுதிக்கிட்டாங்க. நீங்க கேட்டீங்க. சொல்லிட்டேன். வெளிய போய்ச் சொல்லுங்க, யாரு நம்பறாங்கன்னு பாப்போம்.”

சர்வேயர் துண்டை எடுத்தார்.

மைக்கைப் பார்த்ததும் அவளுக்கு உடனே விளங்கவில்லை. ஒயர் எங்கே போகிறது என்று கண்ணால் பின்தொடர்ந்தாள். நாற்காலிக் கை, தரை, கண்ணாடிப் பெட்டி. அப்போது தரை அதிர்ந்தது. படியில் ஆட்கள் ஏறுகிறார்கள். அவள் அதைக் காலால் கேட்டாள். வலது காதிலிருந்து மிஷினைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். மெதுவாக, கடைசி வேலையை முடிக்கிறவள் போல.

இன்ஸ்பெக்டர் முதலில் வந்தார். மகன் வாசலோடு நின்றுவிட்டான். அப்பாவின் குரல் அவனிடம் இல்லை. எந்தக் குரலும் இல்லை. “மா,” என்றான். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. உதட்டைப் பார்க்காததால் அவனும் கூப்பிடாதவன் ஆனான்.

“சிஸ்டர், நீங்க வீட்டுக்குப் போகலாம்,” என்றார் இன்ஸ்பெக்டர். சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

சிஸ்டர் போகவில்லை. துணிப்பையை மார்போடு அணைத்தபடி உள்ளே வந்தாள். எட்டு நாளாகத் தூங்காத முகம். அடிக்கவில்லை என்று ஊரெல்லாம் சத்தியம் செய்தவள், ராத்திரி படுக்கும்போது தனக்குத் தானே அதை நம்ப முடியாமல் கிடந்திருக்கிறாள் என்பது மைக்செட்டுக்கு அந்த முகத்தில் தெரிந்தது. நாற்காலியின் முன்னால் மண்டியிட்டு, அம்மாள் தன் உதட்டைப் பார்க்கும்படி முகத்தை நிமிர்த்தினாள்.

“எத்தனை தடவைம்மா அழுத்தினாரு?”

அம்மாள் அவள் நெற்றியில் விழுந்திருந்த மயிரை ஒதுக்கிவிட்டாள்.

“ஒவ்வொரு தடவை அழுத்தறப்பவும் அந்த ரிமோட்டுல பொட்டு மாதிரி ஒரு லைட்டு மின்னும். எண்ணினேன். நாப்பத்திரண்டு வரைக்கும் எண்ணினேன்.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் படம் சூடு பிடிச்சிடுச்சு.”